நாலாவது கட்டம்

"டயலை நடுவுலதான் வெச்சேன். எழுதியும் வெச்சிருக்கேன், பாருங்க."

"நீங்க வெக்கலைன்னு நான் சொல்லலையே அக்கா."

"வாயால சொல்லல. தலையை ஒரு பக்கமா ஆட்டினீங்க. போன தடவையும் இப்படித்தான் ஆட்டினீங்க."

"போன தடவையா?"

"ஏழு மாசம் ஆச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை. பச்சைப் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர் கொண்டு வந்தீங்க. ரெண்டு டம்ளர் தண்ணி கேட்டீங்க, ரெண்டாவதுல பாதியை அப்படியே வெச்சுட்டுப் போயிட்டீங்க. போன் மூணு தரம் அடிச்சுது. கடைசியில மெஷினை இடுப்பால ஒரு இடி இடிச்சு உள்ள தள்ளினீங்க. டொம்முன்னு சுவத்துல மோதிச்சு. 'பாருங்க, அளவெடுத்துத் தெச்ச மாதிரி உக்காந்துடுச்சு'ன்னு சொல்லிச் சிரிச்சீங்க."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. கையில் ஒரு நீளமான நோட்டு, அதன் முதுகில் செருகிய பேனா. அந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த அறையையும் தெரியவில்லை. சமையலறைக்குப் பின்னால் ஒடுக்கமாக ஒரு இடம். ஒரு பக்கம் சோப்புத்தூள் டப்பாக்கள் அடுக்கிய அலமாரி, இன்னொரு பக்கம் சின்ன ஜன்னல், இரண்டுக்கும் நடுவில் பல் வரிசை மாதிரி இடைவெளி இல்லாமல் பொருந்தி நின்ற டிரையர். நான் ஒரு நாளைக்கு ஒன்பது வீடு போகிறவன். எல்லா வீட்டிலும் துணி காயவைக்கும் இடம் இப்படித்தான் இருக்கிறது.

"ஆமாமா, ஞாபகம் இருக்கு" என்றேன்.

"இல்ல. பரவாயில்ல. மறக்கறதுல என்ன தப்பு, மெக்கானிக் சார்? நான் மறந்தாத்தான் தப்பு."

அவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் அப்போது புரியவில்லை.

வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். என்ன கோளாறு, எப்போதிலிருந்து.

"அதுக்கே ஒரு நிலை இல்ல. ஒரு நாள் துணி அப்பளம் மாதிரி பொரிஞ்சு வருது. ஒரு நாள் பயிறு கட்டி வெச்சா முளைச்சிடும், அந்த அளவுக்கு ஈரம். டயல் என்னவோ ஒரே இடத்துலதான் இருக்கு. நடுவுல. நான் அதைத் தவிர வேற எங்கயும் வெக்கறதே இல்ல."

"ஃபில்ட்டர்ல பஞ்சு எடுக்கறீங்களா?"

"ஒவ்வொரு தடவையும். எடுத்ததையும் எழுதியிருக்கேன்."

வடிகட்டியை உருவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. குழாயடியில் நீட்டித் தண்ணீர் விட்டேன். நிற்காமல் வலை வழியாக இறங்கியது. துணியோடு வாசனைத் தாள் போட்டுப் போட்டு வலையில் மெழுகு படிந்திருந்தால் தண்ணீர் மேலேயே தேங்கும். அதுவும் இல்லை. பிளக் போடுகிற இடத்தைப் பார்ப்பதற்காகச் சமையலறைக்குள் போனேன். அங்கேதான் அதைப் பார்த்தேன்.

ஃபிரிட்ஜின் கதவில், எலுமிச்சை வடிவக் காந்தத்துக்குக் கீழே, எங்கள் கம்பெனியின் சர்வீஸ் தாள். மடிப்புகள் பழுத்துப் போயிருந்தன. நான்கு கட்டங்கள்: ஒன்று, கருவியில் கோளாறு. இரண்டு, உதிரிபாகம் மாற்றப்பட்டது. மூன்று, பொருத்தியதில் தவறு. நான்கு, பயன்படுத்துவதில் தவறு. நாலாவது கட்டத்தில் ஒரு டிக். அதற்குக் கீழே, சாய்ந்து ஓடும் எழுத்தில்: "கருவி சரியாக இயங்குகிறது. வீட்டார் டயலைக் கவனித்து வைக்கவும்." 'கவனித்து' என்ற சொல்லுக்கு அடியில் யாரோ சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

சாய்ந்த எழுத்து என்னுடையது.

எங்களுக்குள் அதற்கு ஒரு பெயர் உண்டு: நாலாம் நம்பர். கோளாறு கண்ணில் படவில்லை, நேரமும் ஆகிவிட்டது என்றால் நாலாம் நம்பர். சாயந்திரம் டீ குடிக்கும்போது, "இன்னிக்கு எத்தனை நாலாம் நம்பர்?" என்று கேட்டுக்கொள்வோம். "மூணு" என்றால் ஒரு சிரிப்பு. வாடிக்கையாளர்களுக்கு மெஷின் ஓட்டத் தெரியாது என்பது எங்கள் தொழிலில் காலைக் கும்பிடு மாதிரி. யாரும் யோசித்துச் சொல்வதில்லை.

"தம்பிதான் ஒட்டினான்" என்றார் அக்கா, எனக்குப் பின்னால் வந்து நின்று. "என் தம்பி. இது அவன் வீடு. நான் அவன்கூட இருக்கேன். நான் பார்த்துப் பார்த்து நடக்கணும்னுதான் ஒட்டினான், கோபமா ஒட்டல. அவன் நல்லவன்தான்."

"சிவப்புக் கோடு?"

"அதுவும் நல்லவன்தான் போட்டான்."

திரும்பி வந்து டிரையரை வெளியே இழுத்தேன். இழுக்கும்போது அதன் கால்கள் தரையில் கீறி அழுதன. இழுக்க இழுக்க அக்கா பேசிக்கொண்டே இருந்தார். பேசினாரா, கணக்கு ஒப்பித்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குரலில் புகாரே இல்லை.

முதலில் தம்பி மனைவியின் கம்பளிச் சட்டை சுருங்கியதாம். "பொம்மைக்குப் போடலாம், அவ்வளவு அழகா சுருங்கிச்சு." அடுத்து தம்பியின் வெள்ளைச் சட்டைகளில் காலர் பழுத்தது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் வந்தேன், பார்த்தேன், டிக் போட்டேன், போனேன். அதற்குப் பிறகும் சட்டைகள் பழுத்தன. கருவி சரியாக இருக்கிறது என்று கருவி பார்ப்பவரே எழுதிக் கொடுத்த பிறகு மிச்சம் இருப்பது யார்? அக்காதான் துணி போடுகிறார். அக்காதான் டயலைத் திருப்புகிறார். நடுவில் வைத்தேன் என்கிறார். துணியோ வேறு சொல்கிறது.

"ஒரு நாள் கேட்டைப் பூட்ட மறந்துட்டேன். முன்னாடியா இருந்தா, 'ஏய் தராசு, என்ன ஆச்சு உனக்கு'ன்னு கேட்டு விட்டிருப்பான். சின்ன வயசுலேருந்து என்னைத் தராசுன்னுதான் கூப்பிடுவான். இப்ப ஒண்ணும் சொல்லல. பொண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் குழம்புல உப்பு போட்டேனா போடலையான்னு யோசிச்சாக்கூட ரெண்டு பேரும் பார்த்துக்குவாங்க. ஒருத்தருக்கு ஒரு பேரை ஒட்டிட்டா போதும், சாட்சியெல்லாம் தானா வந்து வரிசையில நின்னுடும்."

"டாக்டர்கிட்ட..."

"போனோமே. மூணு வார்த்தை சொல்லி, அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திருப்பிச் சொல்லச் சொன்னார். கதவு, ஆரஞ்சு, குதிரை. சொல்லிட்டேன். 'இன்னிக்கு நல்லா இருக்கீங்க'ன்னார். சரியா சொன்னா நல்ல நாளாம், தப்பா சொன்னா வியாதியாம். எந்தப் பக்கம் போட்டாலும் அவங்களுக்கே தாயம்."

நான் சிரித்தேன். பிறகு சிரித்திருக்கக்கூடாது என்று தோன்றியது.

ஈரக்காற்றைச் சுவருக்கு வெளியே கொண்டுபோகும் காற்றுக்குழாயைக் கழற்றிவிட்டு, டிரையரின் பின்வாயில் வெப்பமானியைச் செருகி, ஈரத் துணியைப் போட்டு, டயலை நடுவில் வைத்து ஓட்டினேன். ஐம்பது. ஐம்பத்தெட்டு. அறுபத்து நாலைத் தொட்டதும் ஹீட்டர் 'டக்' என்று அணைந்தது. ஐம்பத்திரண்டுக்கு இறங்கியதும் மறுபடி ஏறியது. மறுபடி அறுபத்து நாலு, மறுபடி டக். மூன்று சுற்று பார்த்தேன். சூட்டை அளக்கிற பாகத்தின் கால்களில் மீட்டரை வைத்தேன், எண் பிசகவில்லை. சூடு எல்லை மீறினால் ஹீட்டரை அணைக்கிற சின்ன வட்டும் சரியாக இருந்தது. பாடப் புத்தகத்தில் போடலாம், அவ்வளவு ஒழுங்கு.

பையிலிருந்து சர்வீஸ் தாளை எடுத்தேன். கை தானாக நாலாவது கட்டத்துக்குப் போனது. பேனா நுனி தாளைத் தொடுவதற்குள் அக்கா கேட்டார்.

"சரியா இருக்கா?"

"இப்ப சரியாத்தான் ஓடுது அக்கா."

"தெரியும். நீங்க வந்தா அது நல்ல பிள்ளையாயிடும்." அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார். சோப்புத்தூள் டப்பாவின் மேல் ஒரு வெள்ளை உறை சாய்ந்திருந்தது. "அது என் ராஜினாமா. நாளைக்குக் காலைல குடுக்கப்போறேன். மருந்துக்கடையில இருபத்தெட்டு வருஷம். பொடியை நிறுத்துப் பொட்டலம் போடறது, மாத்திரையை எண்ணிப் போடறது, எல்லாம் என் கைதான். வாயால சொன்னதுக்கே முதலாளி 'எதுக்கும்மா போறீங்க'ன்னு கேக்கறார். நான் என்னன்னு சொல்றது? டயலை நடுவுல வெச்சேன்னு நினைச்சுக்கிட்டுக் கடைசியில வெக்கற கை, அரை மாத்திரைக்கு ஒரு மாத்திரை போடாதுன்னு என்ன நிச்சயம்? வாங்கிட்டுப் போறது யாரோ பெத்த பிள்ளை. தம்பிகூட வேணாம்னுதான் சொன்னான். இது நானே எடுத்த முடிவு."

அவர் அதைச் சொன்னபோது நோட்டை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"இன்னிக்கு உங்களைக் கூப்பிட்டது அவங்க யாருக்கும் தெரியாது. ஆறு மணிக்குத்தான் வருவாங்க. ஆபீஸ்ல, போன தடவை வந்த அதே ஆளை அனுப்புங்கன்னு கேட்டேன். கடைசியா ஒரு தடவை பார்த்துடலாம்னு. சரி, மெஷின்ல ஒண்ணும் இல்லைன்னா இல்லை. எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அதையும் பக்கத்துலயே ஒட்டிடறேன்."

பேனாவை மூடினேன். "அந்த நோட்டைக் குடுங்க" என்றேன். பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தைவிட, டிக் போடுவதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும் எண்ணமே அதில் அதிகம். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மருந்துக்கடை எழுத்து. குண்டு குண்டாக, ஒன்றோடொன்று இடிக்காமல். தேதி, டயல், துணி, நிமிடம், முடிவு.

"நடு. சட்டை நாலு. ஐம்பது நிமிடம். ஈரம்."

"நடு. துண்டு ஆறு. ஐம்பது. விளிம்பு பழுப்பு."

"நடு (இரண்டு முறை பார்த்தேன்). போர்வை ஒன்று. எழுபது. ஈரம்."

பக்கம் போகப் போக அடைப்புக்குறிகள் பெருகின. "நடு (மூன்று முறை பார்த்தேன்)." "நடு (சத்தமாகச் சொல்லிக்கொண்டு வைத்தேன்)." ஓர் இடத்தில் "நடு (விரலை எடுக்காமல் பத்து எண்ணினேன்)." நான் அதைத் தாண்டி வேகமாகப் புரட்டினேன்.

நடுவே இப்படி ஒரு வரி: "கம்மல் விழுந்தது. மெஷினை இழுத்துத் தேடினேன்." அதற்கு அடுத்த மூன்று நாளும் "நன்றாகக் காய்ந்தது." நாலாம் நாள்: "தம்பி மனைவி மெஷினை உள்ளே தள்ளினாள். அலமாரிக் கதவு இடிக்கிறதாம்." ஐந்தாம் நாள்: "ஈரம்."

பின்னால் தேடினேன். மூன்று மாதம் கழித்து: "பின்னால் பெருக்கினேன்." இரண்டு நாள் நன்றாகக் காய்ந்தது. "தள்ளினேன்." பழுப்பு. கடைசியாகப் போன வாரம், வெள்ளிக்கிழமை. பெருக்கினேன், நன்றாகக் காய்ந்தது, தள்ளினேன், ஈரம்.

மூன்று இடங்களிலும் விரல் வைத்து மறுபடி படித்தேன்.

"அக்கா, ஒரு உதவி. நான் வெளியில போய், சுவத்துல காத்து வர்ற வாய்கிட்ட நிக்கிறேன். நான் சொல்லும்போது மெஷினை உள்ள தள்ளுவீங்களா?"

"இடுப்பால தள்ளணுமா, கையால தள்ளணுமா?"

"எப்படி வேணும்னாலும்."

காற்றுக்குழாயை மறுபடி மாட்டினேன். வளைந்து நீளும் அலுமினியத் தகடுக் குழாய். டிரையர் சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நிற்கும்போது அது தளர்வாக வளைந்து கிடந்தது. ஓட்டிவிட்டு வெளியே போனேன்.

வீட்டின் பக்கவாட்டில் ஒரு ஆள் நுழையும் சந்து. ஜன்னலுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், பிளாஸ்டிக் மூடி வைத்த ஓட்டை. மூடி அகலமாகத் திறந்து நின்றது. கையை நீட்டினேன். வெதுவெதுப்பான ஈரக்காற்று, சோப்பு வாசனை. பஞ்சுத் துணுக்குகள் என் சட்டைக் கையில் ஒட்டின.

"தள்ளுங்க!"

உள்ளே கால்கள் கீறும் சத்தம். டொம்.

மூடி மெல்லத் தாழ்ந்தது. தூக்கம் வரும் கண்ணைப் போல, பாதி மூடி, கொஞ்சம் துடித்து, முழுசாக விழுந்தது. கையில் காற்று இல்லை.

"தள்ளிட்டேன்! என்ன ஆச்சு?" சுவருக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் குனிந்தபடியே இருந்தேன். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மெஷின் உள்ளே போகும்போது குழாய் சுவரோடு நசுங்குகிறது. காற்று போக வழியில்லாமல் சூடு உள்ளேயே சுழல்கிறது, துணி பழுக்கிறது. சூடு எல்லை மீறி அந்தச் சின்ன வட்டு ஹீட்டரை அணைக்கிறது, துணி ஈரமாகிறது. ஒரு நாள் பொரியல், ஒரு நாள் முளை. நானோ சோதிப்பதற்காக மெஷினை வெளியே இழுத்தேன். இழுத்ததுமே கோளாறு மறைந்துவிட்டது. எல்லாம் சரி என்று பார்த்துவிட்டு, அதே கோளாறை என் இடுப்பால் இடித்து உள்ளே வைத்துவிட்டு, நாலாவது கட்டத்தில் டிக் போட்டேன். தள்ளிய பிறகு ஒருமுறை இந்தச் சந்துக்கு வந்து பார்த்திருந்தால் போதும். அரை நிமிட வேலை. அன்று போன் மூன்று தரம் அடித்ததாம்.

"மெக்கானிக் சார்! இருக்கீங்களா?"

"வர்றேங்க்கா."

சந்திலிருந்து வாசலுக்கு இருபது அடி இருக்கும். அந்த இருபது அடியில் நான் என்னவெல்லாம் யோசித்தேன் என்பதைச் சொன்னால் அசிங்கம். ஆபீஸ் சுவரில் ஒரு பலகை உண்டு. ஒருவன் போட்ட டிக் தவறு என்று நிரூபணமானால் அவன் பெயருக்கு நேரே ஒரு சிவப்பு ஊசி. வருடத்தில் மூன்று ஊசி ஏறினால் அவனைத் தனியாக அனுப்பமாட்டார்கள். இன்னொருவன் பின்னால் பை தூக்கிக்கொண்டு போக வேண்டும். எனக்கு இரண்டு ஊசி இருந்தது. மேற்பார்வையாளரை நாங்கள் கடிகாரம் என்போம். வாயைத் திறந்தால் 'மணி என்ன' என்பதைத் தவிர வேறு வராது. மூன்றாவது ஊசியைக் குத்தும்போதாவது வேறு ஏதாவது சொல்வார்.

அக்கா மெஷினில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஒரு பஞ்சு.

"என்ன ஆச்சு?"

"கண்டுபிடிச்சாச்சு" என்றேன். "பின்னாடி குழாய் நசுங்கியிருக்கு. காத்து போகல. அதான் சூடு ஏறுது, இறங்குது. மெஷின்ல தப்பில்ல, உங்க டயல்லயும் தப்பில்ல." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இது இப்ப சமீபத்துல நசுங்கினதுதான். யாராவது அழுத்தித் தள்ளியிருப்பாங்க."

அவர் முகம் முதலில் மலர்ந்தது. பிறகு அவர் யோசிப்பது தெரிந்தது. எடைக்கல்லை எடுத்துத் தட்டில் வைத்து, முள் நிற்கும்வரை பொறுக்கிற யோசனை.

"சமீபத்துலன்னா?"

"ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்."

"வெள்ளிக்கிழமை நான்தான் தள்ளினேன்." நோட்டைத் திறந்தார். பேனாவை எடுத்து, வெள்ளிக்கிழமை வரிக்குப் பக்கத்தில் நிதானமாக எழுதினார். தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிந்தது: "குழாய் நசுங்கியது. நான் தள்ளியது."

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லதாப் போச்சு. இந்த ஒரு வாரத்துக்காவது காரணம் கிடைச்சுது. அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் என் தலைதான், இல்லையா? கம்பளி, காலர், போர்வை, எல்லாம். உங்க பேப்பர்லயும் அப்படித்தானே இருக்கு." தலையை ஆட்டிக்கொண்டார். "சந்தேகம் தீர்ந்துச்சு. உக்காருங்க, தண்ணி கொண்டு வர்றேன்."

அவர் தண்ணீர் எடுக்கப் போனார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அழுதிருந்தால்கூட ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டு நழுவியிருப்பேன். அவர் நான் கொடுத்த பொய்யை வாங்கி, நிறுத்து, தன் பெயரில் எழுதிக்கொண்டார்.

மெஷினை மறுபடி வெளியே இழுத்தேன். குழாயைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினேன். மடிந்த இடம் ஒரு கத்திக் கோடு மாதிரி இருந்தது. அதன் உள்ளே பஞ்சு, சாம்பல் நிறத்தில், அட்டை மாதிரி இறுகி, அடுக்கு அடுக்காக. ஒரு வாரத்தில் அப்படிச் சேராது. எந்தப் பிள்ளையும் பார்த்துச் சொல்லும்.

டம்ளரோடு வந்தவர் நின்றார்.

"என்ன சார், குழாயைக் கைக்குழந்தை மாதிரி பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

"அக்கா, நான் இப்ப சொன்னது பொய்."

அவர் டம்ளரை அலமாரியில், உறைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது வெள்ளிக்கிழமை நசுங்கினது இல்ல. இந்த மெஷினை இந்த இடுக்குல வெச்ச நாள்லேருந்து நசுங்கித்தான் இருக்கு. போன தடவை நான் இழுத்து வெச்சுப் பார்த்தேன். இழுத்தா எல்லாம் சரியாயிடும். பார்த்துட்டு நானே திரும்பத் தள்ளி நசுக்கிட்டுப் போயிட்டேன். வெளியில போய்ப் பார்க்கவே இல்ல. உங்க நோட்டுல எல்லாம் இருக்கு. கம்மல் விழுந்த வாரம் பாருங்க. மெஷின் தள்ளி நின்னப்பல்லாம் நல்லாக் காஞ்சிருக்கு. நீங்க ஏழு மாசமா சரியாத்தான் எழுதியிருக்கீங்க. படிக்க ஆள் இல்ல, அவ்வளவுதான்."

அவர் நோட்டைத் திறக்கவில்லை. குழாயை வாங்கி, மடிப்பில் விரலை விட்டுப் பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தார். அதில் ஒரு நீல இழை இருந்தது.

"இது அந்தக் கம்பளிச் சட்டை" என்றார். இழையை விரலில் சுற்றியபடியே, "அதுவும் குழாயா?"

"குழாய்தான்."

"காலர்?"

"குழாய்."

"போர்வை? ரெண்டு தடவை பார்த்தேனே, அது?"

"குழாய்தான்கா."

"கேட்டைப் பூட்டாம விட்டது?"

கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் சிரித்தது.

"பயப்படாதீங்க, அது நான்தான். ஐம்பத்தஞ்சு வயசுல ஒரு கேட்டை மறக்கறதுக்குக்கூடவா ஒருத்திக்கு உரிமை இல்ல?"

என் சட்டைப் பையில் போன் அடித்தது. கடிகாரம். எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். சமையலறைச் சுவரில் மணி ஐந்தே கால்.

"வளையாத குழாய் ஒண்ணு வண்டியில இருக்கு" என்றேன். "மெஷினைக் கொஞ்சம் தள்ளி நிக்க வெச்சு, அதை மாட்டிட்டா இனிமே இந்தப் பிரச்சினை வராது. அலமாரிக் கதவு மட்டும் கொஞ்சம் இடிக்கும்."

"இடிக்கட்டும்."

"பத்து நிமிஷ வேலைதான்."

"மாட்டுங்க. ஆனா அது இல்ல." அவர் சமையலறைக்குப் போனார். எலுமிச்சைக் காந்தம் தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் அந்தப் பழைய தாள் இருந்தது. என் பையின்மேல் கிடந்த புதுத் தாளையும் எடுத்து, இரண்டையும் டிரையரின் மேல் பக்கம் பக்கமாக வைத்து, உள்ளங்கையால் தடவி நேராக்கினார்.

"தம்பி ஆறு மணிக்கு வருவான். நான் சொன்னா கேட்டுக்குவான். 'சரிக்கா'ன்னு சொல்லுவான். அந்தச் 'சரிக்கா' எனக்குத் தெரியும், இந்த ஏழு மாசமா கேக்கறேன். அவனை விடுங்க. ராத்திரி தூங்கி எழுந்தா எனக்கே சந்தேகம் வந்துடும். நிஜமாவே ஒருத்தர் வந்தாரா, குழாயைக் காட்டினாரா, இல்ல நானா நினைச்சுக்கிட்டேனான்னு. காலைல அந்தக் கவரை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவேன். அப்படி ஆக்கி வெச்சிருக்கு என்னை."

புதுத் தாளின் கட்டங்கள் மேல் அவர் விரல் ஒவ்வொன்றாக நின்று நகர்ந்தது.

"நாலு கட்டம் இருக்கு. இதுல எதுவும், பார்க்க வந்தவர் தப்புக்குன்னு இல்லையே?"

"இல்ல."

"யாரோ யோசிச்சுத்தான் அச்சடிச்சிருக்காங்க."

மறுபடி போன் அடித்தது. இருவரும் அது ஓயும்வரை காத்திருந்தோம்.

அவர் தன் நோட்டின் முதுகிலிருந்து பேனாவை உருவி, மூடியைக் கழற்றி, பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினார். மருந்துக்கடையில் கத்தரிக்கோலை அப்படித்தான் நீட்டிப் பழகியிருப்பார்.

"கீழ கொஞ்சம் வெத்து இடம் இருக்கு பாருங்க. பழசுல இருக்கற அதே கையெழுத்துல, தேதி போட்டு, உங்க பேரும் போட்டு... அன்னிக்கு நீங்க போட்ட டிக் தப்புன்னு, ரெண்டே வரி, எழுதிக் குடுக்கறீங்களா?"